‘வெரி’யா, ‘டூ’வா?

எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் வாட்ஸ்அப் அழைப்பு அறுந்துபோகாமல் வரும். அதனால் அண்ணியின் போன் எப்போதும் அங்கே, உப்பு ஜாடியில் சாய்ந்தபடி நின்றிருக்கும். அந்த மதியம் அது அடித்தபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். போலந்தில் ஒரு கிடங்கு வேலைக்குப் போயிருந்த என் அண்ணன், விடாத காய்ச்சலோடு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கிருமி இதயத்துக்குள் புகுந்து ஒரு வால்வை அரித்துவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

அண்ணி ஈரக்கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல் நிதானமாகப் பேசினார். ‘ஹி இஸ் டூ வீக் ஃபார் தி ஆபரேஷன்.’ இன்னும் ஏதோ சொன்னார். பிறகு யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

கூடத்தில் அப்பாவின் தறி நின்றது. “இன்னாமா சொல்றாரு?”

“வீக்கா இருக்கிறாராம் மாமா.”

“காச்சல்ல கெடந்தா வீக்காத்தான் இருப்பான். ஆபரேசன் பண்ணிட்டா தேறிப்பூடுவான்” என்றார் அப்பா. அம்மா உடனே புடவையை மாற்றிக்கொண்டு காமாட்சியம்மன் கோவிலுக்குக் கிளம்பினார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ‘வீக்’ தெரியும், ‘ஆபரேஷன்’ தெரியும். நடுவில் இருந்த ‘டூ’ என் காதில் நிற்கவே இல்லை. கல்லூரியில் நாங்கள் சாம்பாரைக்கூட ‘டூ குட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ‘டூ’ என்றால் ரொம்ப, ‘வெரி’ என்றாலும் ரொம்ப.

அண்ணிக்கு அப்படி இல்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் அவர் விற்பனைப் பெண்ணாக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘டூ ஹெவி’ என்றாராம். கனமான பட்டென்றால் நம் ஊரில் மதிப்புதானே. அண்ணி மகிழ்ந்துபோய், ‘எஸ் மேடம், டூ ஹெவி, டூ குட்’ என்று அதைவிடக் கனமானதாக இன்னொன்றை எடுத்து விரித்திருக்கிறார். அந்த அம்மாள் சிரித்தபடி கைகூப்பிவிட்டு வெளியே போய்விட்டார். அப்புறம் பக்கத்தில் நின்ற பெண் விளக்கியிருக்கிறாள்: “வெரி ஹெவின்னா கனமா இருக்குதுன்னு அர்த்தம்பா. டூ ஹெவின்னா, இவ்ளோ கனம் எனக்கு ஆவாது, வேணாம்னு அர்த்தம்.” அதிலிருந்து யார் ‘டூ’ என்றாலும் அண்ணி முதலில், ‘வெரி ஹெவி ஆர் டூ ஹெவி, மேடம்?’ என்று கேட்டுக்கொள்வாராம். இதைச் சொல்லி எங்களை எத்தனையோ முறை சிரிக்க வைத்திருக்கிறார்.

அன்று அவர் மறுபடி அரிசிக்குள் விட்ட கை அசையாமல் இருந்தது. பிறகு என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். சாயம் போட்ட நூல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மறைவில் நின்று, குரலே எழாமல் சொன்னார். “ரொம்ப வீக்குன்னு சொல்லலமா அவரு. ஆபரேஷன் தாங்கற தெம்பு இல்லன்னு சொல்றாரு. பண்ண மாட்டாங்க.”

நான் அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவரே மறுபடி பேசினார். “அந்த டாக்டருக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லல்ல? நம்மள மாதிரியே அவரும் சும்மா ‘டூ’ன்னு போட்டிருக்கலாம்ல?”

ஒற்றை ஜரிகை இழையைப் பிடித்துத் தொங்குவது போன்ற நம்பிக்கை அது. திரும்பக் கேட்டால் அதுவும் அறுந்துபோகலாம். கேட்காவிட்டால் அது இருக்கும், ஆனால் அதை நம்ப முடியாது. உள்ளே அப்பா போனில் யாரிடமோ, “ஆபரேசனுக்கு ரெடி பண்ணிக்கினு இருக்கறாங்கோ” என்று சொல்வது கேட்டது. அண்ணி முந்தானையில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். ஆஸ்பத்திரி எண்ணை அழுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். எடுத்தார்கள். டாக்டரைக் கூப்பிட்டார்கள். அண்ணி கடையில் கேட்பது போலவே கேட்டார்: ‘டாக்டர், வெரி வீக்? ஆர் டூ வீக்?’

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. அந்த மௌனத்திலேயே அவருக்கு வித்தியாசம் தெரியும் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. ‘டூ வீக்,’ என்றார் அவர். பிறகு, ‘டுடே’ என்று சேர்த்தார்.

மருந்தைப் பற்றி அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, அண்ணி நேராகக் கூடத்துக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். குறுக்கிழை ஓட்டும் நாடாவை அப்பா பாவு நூலின் மேல் அப்படியே விட்டுவிட்டார்.

“அப்ப இன்னாதான் பண்ணப் போறாங்கோ?”

“மருந்து குடுத்து தேத்தறாங்களாம் மாமா. கொஞ்சம் தேறினா பண்ணுவாங்களாம்.”

“தேறலன்னா?”

அண்ணி வாசல் பக்கம் திரும்பினார். அம்மா குங்குமப் பொட்டலத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

அதன்பின் வந்த நாட்களில் ஜன்னலோரம் போக எல்லோருக்குமே பயம். யார் போன் அடித்தாலும், தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்தாலும்கூட அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அப்பா தறியில் உட்கார்வார், நாலு இழை ஓட்டுவார், எழுந்துவிடுவார். டாக்டர் தினமும் பேசினார். தினமும் அதே ‘டூ’. அந்த ஒரு சொல்லுக்காகவே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அது வந்ததும் அன்றைய பொழுது முடிந்துவிடும்.

ஒரு நாள் அவரே முந்திக்கொண்டார். ஹலோகூடச் சொல்லவில்லை. ‘டுடே, வெரி வீக்,’ என்றார். பிறகு அழுத்தி, ‘நாட் டூ வீக்.’

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “இன்னாமா, இன்னாமா?” என்று அப்பா ஓடிவந்தார். “வெரி, மாமா... வெரி” என்றார் அண்ணி. ஆங்கிலம் அறியாத அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. அது முடிந்து செய்தி வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அண்ணன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். அவன் நெஞ்சில் இருப்பது உலோக வால்வு. வீடு அமைதியாகிவிட்டால் அது சின்னக் கடிகாரம் போலத் துடிப்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். “எனக்கு வாட்ச்சே வேணாம்பா” என்று அவன் சிரிப்பான். சாப்பாட்டு நேரத்தில் அப்பா தறியை நிறுத்தியதும், அண்ணி பரிமாறும் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி ஒரு கணம் நிற்பார். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் சோறு அவன் தட்டில் விழும்.