அரைக் காணியும் யுரேனியம் ஃபண்டும்

எங்கள் பக்கம் நிலம் வாங்குகிறவன் பத்திரத்துக்கு முன்னால் சர்வே கல்லைப் பார்ப்பான். அரசாங்கம் திட்டத்துக்குக் கல் நட்ட இடத்தை ஒட்டி வாங்கிப்போட்டவன், விலை ஏறிப் பிழைத்தான். எவன் நிலத்துக்குள் கல் விழுந்ததோ, அவன் நஷ்டஈட்டோடு நின்றான். நாங்கள் நின்றவர்கள்.

ரெட்டிபாளையத்துப் பக்கம் என் மனைவிக்கு அவள் அப்பா விட்டுப்போன வயல் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனது. நஷ்டஈட்டுப் பணத்தில் அவள் ஒரு புடவைகூட எடுக்கவில்லை. திருமழபாடியில் கொள்ளிடக் கரையோரமாக அரைக் காணி நிலம் பார்த்து வைத்திருந்தாள். விற்கிறவர் அவளுக்கு அண்ணன் முறை. தை வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆவணியில் எனக்குப் பித்துப் பிடித்தது. அணுமின்சாரத்தில் தனியாரையும் விடப்போவதாக டில்லியில் பேச்சு. மூடிய உலைகளைத் திறப்போம் என்று கடல் தாண்டிய அரசுகளும் சொல்லின. கைபேசியில் ஒரு வெளிநாட்டு யுரேனியம் ஃபண்டின் விலைக் கோடு ஆடிப்பெருக்குத் தண்ணீராய் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை அரசாங்கம் சேர்ந்து கல் நட்டிருக்கிறதே, ஒட்டி வாங்காமல் விடுவதா என்று நினைத்தேன்.

"தை வரைக்கும்தான். அரைக் காணி ஒரு காணியாயிடும்."

"யுரேனியம்னா என்னங்க?"

"மண்ணுக்கடியிலேர்ந்து எடுக்கறது. அதுல கரண்டு எடுப்பாங்க."

"அங்கயும் யாரு வயலையாச்சும் புடுங்கித்தான் எடுப்பாங்களா?"

நான் கைபேசியில் ஏறும் கோட்டைக் காட்டினேன். அவள் பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தாள்.

நான் வாங்கியது ஊரே கேட்டு முடித்த செய்தியை. அந்த அறிவிப்புக்கான விலை ஏற்கெனவே ஏறியிருந்தது. அறிவிப்பு ஒரு நாளில் வந்துவிடுகிறது, உலை வர வருஷக்கணக்காகிறது. நடுவில் இருப்பதெல்லாம் பயம். ஒரு நாட்டில் தேர்தலை நினைத்து அனுமதியைத் தள்ளிவைத்தார்கள். இன்னொரு நாட்டில் மானியத்தைக் குறைத்தார்கள். கோடு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. ஐப்பசி மழையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெயர்கூடச் சரியாக உச்சரிக்க வராத மந்திரிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கத்தில் மத்தியான வெடி வைத்தால் எங்கள் அலமாரியில் அடுக்கிய தட்டுகள் அதிரும். அதற்குத் திரும்பாதவள், டிவியில் அணு என்ற சொல் கேட்டால் ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினாள்.

"இன்னிக்கு நல்லதா சொன்னானா, கெட்டதா சொன்னானா?"

"தெரியலடி."

"எங்கப்பா வயல எடுத்தவனாச்சும் வூட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனான். இவன் மூஞ்சியக்கூட நாம பாக்கலையே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

தை பிறந்தது. ஃபண்டை விற்றாலும் அரைக் காணிக்குப் பாதிப் பணம்கூடத் தேறாது. அண்ணன் முறைக்காரர் போன் செய்தபோது நான் கை நீட்டினேன். அவளே எடுத்துவிட்டாள்.

"இல்லண்ணே, வேற ஆளுக்குக் குடுத்துடுங்க... ஆமாண்ணே, நல்லாருக்கோம்."

போனை வைத்த சிறிது நேரத்தில் மத்தியான வெடி வெடித்தது. அவள் எழுந்து போய் இரண்டு கைகளாலும் தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். அதிர்வு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் போயிருக்க வேண்டும். நாளைக்கு யாராவது எங்காவது ஏதாவது அறிவிப்பார்கள் என்று, கைபேசியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.