பாண்காரனிடம் கேட்ட நேரம்

அகதியாக வந்த நாட்டில், கிளேட்டன் பக்கத்தில், பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போறணை அடுப்பில் இருந்து வரும் தட்டுகளை வண்டியில் அடுக்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில் நிற்பவர் ஒரு சிங்கள அண்ணை, போன வருடம் சேர்ந்தவர். கொழும்பில் தமிழ் ஆட்களுக்குள் வளர்ந்தவர். எங்களோடு வேலை செய்து யாழ்ப்பாணத் தமிழும் வந்துவிட்டது. நான் பேசாமல் இருப்பது அவருக்குப் பகிடி.

"தம்பி, இண்டைக்கு மூண்டு சொல்லுக் கதைச்சுப் போட்டீர். களைச்சிருப்பீர், இருந்து ஆறும்."

போன மாதம் தேத்தண்ணி நேரத்தில் யாரோ என் ஊரைக் கேட்டார்கள். வழக்கமாக மழுப்பிவிடுவேன். அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார்.

"அங்க பள்ளிக்கூடத்தில ஆமி காம்ப் இருந்ததெல்லோ? என்ர தம்பி அங்கதான் முடிஞ்சவன்."

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. இப்ப ஒண்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. அவன் முழிப்பில போனவனோ, நித்திரையில போனவனோ எண்டு. வீரமாச் சண்டை பிடிச்சுச் செத்தவன் எண்டு ஆமியால கடிதம் வந்தது. அதை வாசிச்சால் அழுவா. சண்டை பிடிச்செண்டால் நொந்திருக்குமே எண்டுவா. வாற ஞாயிறு அவன்ர நினைவுக்குப் பிக்குமாருக்குத் தானம். வாரும். உங்கட சனம் அப்ப என்ன கதைச்சது எண்டு அம்மாவுக்குச் சொல்லும்."

அந்தக் காம்புக்கு ஒரு வருடம் சைக்கிளில் பாண் கொண்டுபோனவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற பிறகு ஊர்ப் பேக்கரிதான் எனக்கு எல்லாம். சனிக்கிழமைகளில் மத்தியானம் ஆமிக்காரருக்கு இறைச்சிச் சாப்பாடு. தின்றுவிட்டு, காவலுக்கு நிற்கும் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் வகுப்பறையில் வாங்குப் பலகைகளை ஒன்றாகப் போட்டுப் படுத்துவிடுவார்கள். நான் பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டு, எழுப்பக் கூடாதென்று பெருவிரலில் நடந்து வெளியே வருவேன்.

இயக்கத்தில் இருந்து இரண்டு பேர் பேக்கரிக்கு வந்தார்கள். ஆமிக்காரர் எத்தனை மணிக்குப் படுப்பார்கள் என்று கேட்டார்கள். நான் மாவை அரித்துக்கொண்டே இருந்தேன். அதில் மூத்தவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பயப்பிடாதையும். நித்திரையில பிடிச்சமெண்டால் ஒரு வெடியும் தேவையில்லை. கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போவம். முழிச்சிருந்தால்தான் ரெண்டு பக்கமும் சாவு."

பயத்தில் சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் அவர் சொன்னதை நம்பவும் செய்தேன். நல்ல காரியம் என்றே நினைத்தேன். சனிக்கிழமை, இரண்டு மணிக்குப் பிறகு என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வெடிச்சத்தம் நெடுநேரம் கேட்டது. போறணைக்கு விறகு வைத்தபடி நின்றேன். இப்போது கட்டிக்கொண்டு வருவார்கள் என்று ரோட்டைப் பார்த்தேன். ஒருவரையும் கொண்டுவரவில்லை. படுத்த இடத்திலேயே செத்தார்கள் என்று ஊர் கதைத்தது. ஒருவன் மட்டும் சாரத்தோடு கிணற்றடி வரை ஓடி, அம்மே அம்மே என்று கத்தினானாம். அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

விசா நேர்முகத்தில் இதை நான் சொல்லவில்லை. என் கேஸ் இன்னும் முடியவில்லை. ஞாயிறு வேலை இருக்கு என்று தானத்துக்குப் போகாமல் இருக்கச் சாட்டுச் சொல்லப் பார்த்தேன். என் வேலை நேரம் அண்ணைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

டார்னெய்ட்டில் அவர்கள் வீடு. நான் போனபோது பிக்குமார் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். சுவரில் சீருடையோடு படம். பார்க்கக் கூடாதென்று இருந்தும் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியவில்லை. ஒரு வருடம் என் கையால் பாண் வாங்கியிருப்பான்.

அம்மா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். கேட்டார். முழிப்பிலோ நித்திரையிலோ என்றுதான். அண்ணை தமிழில் சொன்னார்.

"நித்திரையிலதான் அம்மா," என்றேன். "எல்லாரும் நித்திரையில. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது எண்டுதான் சனம் கதைச்சது."

கிணற்றடியைச் சொல்லவில்லை.

அண்ணை அதைச் சிங்களத்தில் சொன்னதும் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினார். பிறகு அவர் நிமிர்ந்து இன்னொன்று கேட்டார். பாண் விற்ற காலத்துச் சிங்களம் எனக்கு மறக்கவில்லை. பிள்ளைகள் படுக்கிற நேரம் இயக்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

அண்ணை தாயை அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மனிசி சும்மா அலட்டுறா, விடும். உமக்கு எப்பிடித் தெரியும்? வெக்கப்படாமல் சாப்பிடும்."

அம்மா எழும்பி என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டார், பருப்பும் விட்டார். போதும் என்று கையால் மறைத்தேன். கையை விலக்கிவிட்டுப் போட்டார். தண்ணீரைக் குடித்துக் குடித்து அவ்வளவையும் தின்றேன். தின்று முடியும் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அண்ணை சொன்னார்: "அம்மா உம்மை அடுத்த வருசத் தானத்துக்கும் வரட்டாம். மறந்து போயிடுவாவாம், திருப்பி ஒருக்காச் சொல்லட்டாம்."

அம்மா அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாறன் என்று சொன்னேன்.