தந்தியில் இருந்த சொல்

பத்திரிகைத் தொழிலுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு இருக்கிறது என்பதை 1966இல் செஞ்சியில் யாரும் நம்பத் தயாராயில்லை. "பேப்பர் படிக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். கூலி வேலை செய்த கலியபெருமாளுக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனாலும் மகன் ஆதிமூலம் சென்னையில் படிக்கிறான் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதிமூலம் கெட்டிக்காரன்தான். கைக்கு வந்த தாளில் உள்ளதுதான் செய்தி, ஊகத்தைச் சேர்க்காதே என்று வகுப்பில் சொன்னதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகவே.

ஏப்ரலில் கடைசித் தேர்வு. அன்று காலை ஒன்பது மணிக்கு விடுதிக்குத் தந்தி வந்தது. அப்பா சீரியஸ், உடனே வரவும். அறைத் தோழன் சுந்தரமூர்த்தி அதை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறினான்.

"கெளம்புடா. பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"சீரியஸ்னுதானே போட்டிருக்குது. பத்து மணிக்குப் பரீட்சை. எழுதிட்டு ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கிறேன்."

சாவை யாரும் தந்தியில் சாவு என்று எழுதுவதில்லை, வழியில் பிள்ளை உடைந்துபோவான் என்று சீரியஸ் என்றே போடுவார்கள். இது சுந்தரமூர்த்திக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஆதிமூலத்தின் தெருவிலோ அதுவரை ஒரு தந்தி வந்ததுமில்லை, போனதுமில்லை.

அவன் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி ஏழு. சித்திரை வெயிலில் பிணம் தாங்காது என்று ஐந்து மணிக்கே எடுத்துவிட்டிருந்தார்கள். பங்காளி மகன் முருகையன் கொள்ளி வைத்திருந்தான். நைனாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்று ஆதிமூலம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

அக்கா மீனம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தந்தி வரலியாடா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினான்.

"செத்துட்டாருன்னுதான்டா நான் சொன்னேன். தபாலாபீஸ்ல இருந்தவருதான் அப்படி அடிக்கக் கூடாதும்மான்னு மாத்திட்டாரு. படிச்ச புள்ளைக்கு இதே போதும், புரிஞ்சிக்கும்னாரு."

அவன் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் திரும்ப வைத்தான்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. அந்தத் தேர்வில் அவனுக்குத்தான் முதல் மதிப்பெண். அதை அவன் வீட்டில் கடைசிவரை சொல்லவில்லை.