காலண்டரில் காலியாக இருந்த பத்துக் கட்டங்கள்

சென்ற மே மாதம் என் வலது கண் போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். புரை எடுத்த நான்காம் நாள், அரிப்பு தாங்காமல் துண்டின் நுனியால் தேய்த்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். கிருமி பிடித்துக்கொண்டது. இடது கண்ணிலும் புரை முற்றியிருந்ததால் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. எழுபத்து நான்கு வயதில் குருடனாகப் போகிறேன் என்று பயந்தேன்.

ஆனால், விசுவாசிகளே, அப்போதும் என் மனதை அரித்தது கண் அல்ல. என் சம்பந்தி.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசிக் கிடங்கில் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவன். நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. மருமகளின் அப்பா பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். யார் எதைக் கொடுத்தாலும் "நல்லா இரு சாமி" என்பார். ஒரு டம்ளர் தண்ணீருக்கும் சொல்வார். இறங்கும்போது கண்டக்டருக்கும் சொல்வார்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். எட்டு வயதுப் பேத்தி எஸ்தர், அன்றன்று யார் யாருக்காக ஸ்தோத்திரம் என்று சொல்வாள். நான் கண்ணை மூடியபடி விரலை மடக்குவேன். மார்ச் மாதத்தில் அவளுடைய அப்புச்சியின், அதாவது என் சம்பந்தியின், பெயர் இருபத்து மூன்று முறை வந்தது. வேன் டிரைவர் ஒன்பது முறை. பக்கத்து வீட்டு நாய்க்குட்டி நான்கு முறை. தினமும் அவளை வேன் வரை கொண்டுபோய் விடுகிறவன் நான். அவள் பென்சிலைச் சீவித் தருகிறவனும் நான். என் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

குழந்தைக்கு நன்றி சொல்லப் பழக்க வேண்டும் என்று மருமகளிடம் சொன்னேன். உள்ளே இருந்தது என்னவென்று ஆண்டவருக்குத் தெரியும். ஆண்டவரால் குஷ்டரோகம் சுகமான பத்துப் பேரில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்ததை எஸ்தருக்கு நான்கு முறை சொன்னேன். சபையில் கொடுத்த காலண்டரைக் காட்டி, எனக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். அவள் "தேங்க்ஸ் தாத்தா" என்று ஒரே மூச்சில் ஐந்து முறை சொல்லி, குறுக்குக் கோட்டையும் இழுத்துவிட்டு விளையாட ஓடினாள். ஜெபத்தில் என் பெயர் அப்போதும் வரவில்லை.

இந்த நிலையில்தான் கண்ணில் கிருமி. மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். கொடிக்காலை ஆளிடம் விட்டுவிட்டு, ஒரு பையோடு சம்பந்தி வந்து நின்றார். ஆண்டவரே, உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அழுதேன்.

காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை, நாளுக்குப் பதினாறு முறை. ஒவ்வொரு முறையும் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்கும்.

"ஏனுங்க சம்பந்தி, மேல இருக்கறவரப் பாருங்கன்னா என்னைய மொறைக்கறீங்களே" என்பார்.

அவர் ஒருமுறையாவது மறக்கட்டும் என்று காத்திருந்தேன். கண் எனக்கு வேண்டியது என்பதே மறந்துபோனது. பத்து நாளில் நூற்று அறுபது முறை. ஒன்றுகூடத் தவறவில்லை.

அந்த நாட்களில் ஆண்டவரிடம் இரண்டு கேட்டேன். கண் வேண்டும். பேத்தியின் ஜெபத்தில் என் பெயர் வேண்டும். இரண்டாவதைத்தான் அதிகம் கேட்டேன்.

பத்தாம் நாள் கண்ணைச் சோதித்த டாக்டர், கிருமி போய்விட்டது, பார்வை தப்பியது என்றார். வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் என்னைக் காலண்டருக்கு முன் நிறுத்தினாள்.

"இடது கண்ணப் பொத்திக்கோங்க தாத்தா. பத்தாம் தேதில இருந்து பத்தொம்போது வரைக்கும் என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்லையே. கட்டமெல்லாம் காலியா இருக்குது."

"அப்ப கண்ணு நல்லாத்தான் தெரியுது."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அப்புச்சி மருந்து ஊத்தறப்ப நீங்க தேங்க்ஸ் சொன்னா கோடு போடலாம்னு பென்சில் வெச்சுட்டே உக்காந்திருந்தேன். நீங்க சொல்லவே இல்லீங்க தாத்தா."

குறை சொல்லும் குரல் இல்லை அது. கிடங்கில் நான் மூட்டைக் கணக்குச் சொன்ன அதே குரல்.

"உடு சாமி, தாத்தாவுக்குக் கண்ணு வலி. வலிக்கறப்ப யாருக்கு வாய் வரும்?" என்றார் சம்பந்தி.

அந்தப் பத்துப் பேரின் கதையைச் சொன்னபோது நான் என்னை ஆண்டவர் நின்ற இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்பி வராத ஒன்பது பேரோடு நின்றேன். நன்றி என்ற சொல் என் நாக்கில் வரவில்லை. அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

"நல்லா இருங்க சம்பந்தி."

சம்பந்தி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"துண்டுல தேய்க்காதீங்க. நான் பட்டது போதும்" என்றேன்.

அன்று மாலை ஜெபத்தில் எஸ்தர் சொன்னாள்: "ஆண்டவரே, தாத்தா ஒரு தடவ சொல்லிட்டாங்க. அதுக்காக ஸ்தோத்திரம்."

விரலை மடக்கினேன். ஒன்று.

பொறாமை முழுவதும் போய்விட்டது என்று சபையில் பொய் சொல்லமாட்டேன். போன மாதம் அப்புச்சி பதினெட்டு, நான் ஆறு. ஆனால் இப்போது வேன் டிரைவருக்கு நான் நன்றி சொல்கிறேன், மருமகள் கொடுக்கும் காப்பிக்கும் சொல்கிறேன். எஸ்தர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லாமலே அவளும் சொல்கிறாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு நன்றியில்லை என்று வருந்துகிறீர்களா? ஆண்டவரிடம் கேளுங்கள், தருவார். ஆனால் முதலில் உங்கள் காலிக் கட்டத்தைக் காட்டுவார். பயப்படாமல் பாருங்கள். நூற்று அறுபது முறை எனக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார்.