நொய்யலான் ஜெயித்த விவாதம்

கணிச்சந்தை என்று ஓர் இணையக் குழுமம் இருந்தது. கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் சண்டை போடுவதற்கென்றே நூற்றைம்பது பேர் அதில் கூடியிருந்தோம். லினக்ஸா விண்டோஸா, எந்த பிரவுசர் வேகம், மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லா வேலையையும் முடிப்பவன்தான் கம்ப்யூட்டர் தெரிந்தவனா என்று நாள் முழுக்க வாக்குவாதம் நடக்கும். யாருக்கும் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது. வீட்டில் சோறு ஆறுகிறது என்று கத்துவார்கள், காதில் விழாது. அங்கே ராஜா நொய்யலான். எந்தச் சண்டையிலும் கடைசியாக வந்து, எதிராளியின் வாயை அடைத்துவிட்டு, "ஆதாரம் இருந்தால் பேசுங்கள்" என்று முடிப்பான். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

நொய்யலான் அவனுடைய புனைபெயர். சொந்தப் பெயர் தரணீதரன் என்பது எனக்கு 2007இல்தான் தெரியும். என் பெயர் ஆரோக்கியராஜ். பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன், அதனால் குழுமத்தில் பெட்டிக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அவனிடம் நான் தோற்ற விவாதங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரே ஒரு விவாதத்தில் நான் சொன்னது சரியாக இருந்தது. அதிலும் அவன்தான் ஜெயித்தான். அதில் நாசமாய்ப் போனது கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஒரு மனுஷன்.

தரணிக்குச் சொந்த ஊர் காங்கேயம். அப்பா தேங்காய் எண்ணெய் மில்லில் மேஸ்திரி. பையன் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டான், மார்க் பத்தவில்லை. டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு, மாமன் முறையான மருதாசலத்தின் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தான். வீரபாண்டிப் பக்கம் அறுபது மெஷின் ஓடும் கம்பெனி. மெர்ச்சண்டைசர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. சாயம் லேட்டானால் பையர் திட்டுவார், பட்டன் வரவில்லை என்றால் முதலாளி திட்டுவார், ஷிப்மென்ட் நாளில் லாரி டிரைவர்கூடத் திட்டுவான். எல்லோரிடமும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டில் வந்து உட்காருவான். கணிச்சந்தையைத் திறந்தால் அங்கே நூற்றைம்பது பேர் அவன் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த மரியாதையும் இல்லாவிட்டால் எப்போதோ செத்திருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

2006 மார்ச்சில் அவன் ஒரு பெரிய பதிவு போட்டான். கம்பெனியில் இருந்த நாலு கம்ப்யூட்டரிலும் திருட்டு விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுவிட்டானாம். திருட்டு மென்பொருளுக்கு ரெய்டு வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மருதாசலம் பயந்துகொண்டிருந்த நேரம் பார்த்து இவன் காரியத்தை முடித்துவிட்டான். பையர் அனுப்பும் எல்லா ஃபைலும் இலவச மென்பொருளிலேயே அச்சுப் பிசகாமல் திறக்கின்றன என்று மார்தட்டியிருந்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "திறக்கும். ஆனால் சில ஃபைல்களில் கட்டம் போட்டு மேலே ஒட்டிய குறிப்புகள் மட்டும் காணாமல் போகின்றன. ஒரு கோழிப்பண்ணைக்காரர் ஃபைலில் நானே பார்த்தேன். ஜாக்கிரதை" என்று எழுதினேன்.

அவன் பதில் அரைமணி நேரத்தில் வந்தது. "பெட்டிக்காரர் கவலை புரிகிறது. எல்லோரும் லினக்ஸுக்கு வந்துவிட்டால் வைரஸ் வராது. வைரஸ் வராவிட்டால் பெட்டி அவர் கடைக்கு வராது. பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஆதாரம் இருந்தால் பேசுங்கள்." அடுத்தவர் ஃபைலை நான் எப்படிக் காட்ட முடியும்? அதற்குக் கீழே நாற்பத்து மூன்று பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். புதிதாக வருகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நிர்வாகி அந்த விவாதத்தை முகப்பிலேயே ஒட்டிவைத்தார். அதன்பின் நான் எதை எழுதினாலும் "வைரஸ் சௌக்கியமா" என்று யாராவது கேட்பார்கள். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இனிமேல் சொல்வது தரணி என்னிடம் சொன்னது.

அந்த ஜூனில் ஒன்பதாயிரம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. கூடவே ஸ்பெக் ஷீட் மெயிலில் வந்தது. நீளம், மார்பு, கை எல்லாம் எத்தனை சென்டிமீட்டர் என்று பையர் அனுப்பும் அளவுத்தாள் அது. தரணி அதைப் பிரிண்ட் எடுத்துக் கட்டிங் மாஸ்டர் மூக்கையாவிடம் கொடுத்தான். மூக்கையாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனியில் துணி வெட்டுகிறார். இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரிந்தால் அவருக்குப் போதும். ஒவ்வொரு ஸ்பெக் ஷீட்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதிவைப்பார். எத்தனை அடுக்கு வெட்டினார், யாரிடம் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். பையர் கொடுத்திருப்பது துவைப்பதற்கு முந்திய அளவு என்றால் அப்படியே வெட்டலாம். துவைத்த பிறகு இருக்க வேண்டிய அளவு என்றால் சுருங்கப்போவதையும் சேர்த்து நீளமாக வெட்ட வேண்டும். மூக்கையா தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தார்.

"தம்பி, இந்த அளவு வாஷுக்கு முந்தியா, பெறகா?"

"ஷீட்ல ஒண்ணும் போடலீங்க மாஸ்டர். எப்பவும் போல முந்திதானுங்க."

"புது டிசைனா இருக்கு. ஒரு போனப் போட்டுக் கேட்டுருவமா?"

"போட்டிருந்தா வந்திருக்குமுங்க. நம்ம கம்ப்யூட்டர்ல எதுவும் உட்டுப் போகாதுங்க."

"அப்பச் சரி" என்று மூக்கையா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அங்கேயே மேஜையில் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டு போனார்.

அந்த நிமிஷம் என் பதிவு ஞாபகம் வந்ததாகத் தரணி சொன்னான். "கட்டம் காணாமப் போகும்னு நீங்க எழுதுனது கண்ணு முன்னாடி வந்துச்சுங்க. அதனாலயே போன் பண்ணலீங்க. பண்ணுனா நீங்க சொன்னது நெசம்னு ஆயிருமே." அவன் போன் செய்திருந்தால் எனக்குத் தெரியப்போகிறதா? குழுமத்துக்குத் தெரியப்போகிறதா? தன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோதும் அவனுக்கு நாற்பத்து மூன்று பேர் சிரித்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நானும் போன் செய்திருக்க மாட்டேன்.

ஒன்பதாயிரமும் தைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கும்போது பையரின் ஆள் வந்து நாலு பீஸைத் துவைத்து அளந்தார். எழுபத்திரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய நீளம் அறுபத்தொன்பதுதான் இருந்தது. மொத்தமும் ரிஜெக்ட். "துவைத்த பிறகான அளவு என்று ஸ்பெக் ஷீட்டிலேயே மஞ்சள் கட்டத்தில் போட்டிருக்கிறோமே" என்றார் அவர். வெளியே போயிருந்த மருதாசலம் உடனே கிளம்பி வருவதாகப் போனில் சொன்னார்.

தரணி பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினான். அங்கே விண்டோஸில் அதே மெயிலைத் திறந்தான். தாளின் நடுவில் மஞ்சள் கட்டம் இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். மூக்கையா சாப்பிடப் போயிருந்த நேரம். கட்டிங் டேபிள் கிளிப்பில் இருந்த பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாளை மாட்டினான். பழையதைச் சுக்குநூறாகக் கிழித்து வேஸ்ட் துணி மூட்டைக்குள் திணித்தான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்றான். கை தானாகச் செய்யாது. அதை அவனிடமே சொன்னேன்.

மருதாசலம் வந்து அந்தத் தாளை எடுத்து மூக்கையாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத்தன பெருசாப் போட்டிருக்குது. கண்ணு தெரியலீங்களா மாஸ்டர்?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க மொதலாளி. தம்பியத்தான் கேட்டேன். முந்தின அளவுதான்னு சொன்னாப்ல."

மருதாசலம் தரணியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைக் கேக்கலீங்க மாமா" என்றான் தரணி.

மூக்கையா தாளைக் கையில் வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "என் எழுத்தக் காணமே" என்றார். முன்பக்கம் பார்த்தார், மறுபடியும் பின்பக்கம் பார்த்தார். அதற்குள் மருதாசலம் போனில் வேறு யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். சரக்கு, கழித்த பனியன்களை வாங்கி விற்கும் காதர்பேட்டைக்கு எடைக்குப் போனது. மூக்கையாவை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று மாதமாகக் குழுமத்தில் என்னோடு ஒருவரும் பேசவில்லை. நாள் பூராவும் கடையில் தனியாக ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருக்கிறவனுக்கு அவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? இதற்குள் இன்னும் இரண்டு ஃபைல்களில் கட்டம் மறைந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இருந்தும் எழுதினேன்: "நொய்யலான் சொன்னதே சரி. மறுபடி சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்." பெட்டிக்காரர் பெரிய மனசுக்காரர் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நொய்யலான் மட்டும் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு அவன் அங்கே எழுதவே இல்லை.

2007 பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், ஒல்லியான ஓர் ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தான்.

"பெட்டிக்காரருங்களா? நானுங்க நொய்யலான்."

டீ வாங்கிக் கொடுத்தேன். அது ஆறி ஆடை கட்டும்வரை தொடாமல் எல்லாவற்றையும் சொன்னான். முடித்துவிட்டு, "சோதிச்சுப் பாத்தேன்னு எழுதுனீங்களே, நெசமாப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. பொய்."

"அதைப் படிச்சப்ப, எம்மேல தப்பு இல்லியோன்னு ரெண்டு நாள் நிம்மதியா இருந்தனுங்க."

எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேலா என் மேலா என்று தெரியவில்லை. "உங்க மாமாகிட்டப் போய்ச் சொன்னியா?" என்றேன்.

"தைரியம் வரலீங்க."

"மூக்கையாகிட்ட?"

"சொன்னனுங்க. அழுதுட்டே சொன்னேன். எம்மேல பாவப்பட்டுச் சொல்றீக தம்பின்னு கையப் புடிச்சுக்கறாரு. நம்பவே மாட்டேங்கறாருங்க."

அன்றைக்கே குழுமத்தில் உண்மையை எழுதினேன். பெட்டிக்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்தார்கள். அந்த விவாதம் 2009இல் கணிச்சந்தையை மூடும்வரை முகப்பிலேயே இருந்தது. அது போகட்டும், மூக்கையாவையாவது நம்பவைக்க முடியும் என்று நினைத்தேன். நம்பாதவனுக்கு ஆதாரத்தைக் காட்டு என்பதுதானே நாங்கள் படித்த ஒரே பாடம். தரணியின் மெயிலிலிருந்து அந்த ஃபைலை எடுத்து, இரண்டு பெட்டிகளில் திறந்து, இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒன்றில் மஞ்சள் கட்டம். இன்னொன்றில் அதே இடம் காலி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எனக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாள் இருவரும் போனோம். பல்லடம் ரோட்டில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனி. மூக்கையா பெண்களோடு வரிசையில் தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தரணியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் தடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்கு வரும் கஸ்டமருக்குச் சொல்வதுபோல நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஒரே ஃபைல், ஒரு கம்ப்யூட்டர் காட்டும், ஒன்று காட்டாது. உங்களுக்குக் கொடுத்தது கட்டம் இல்லாத தாள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

"இப்பிடியெல்லாம் நடக்குமா தம்பி?"

"நடக்கும்ணே. நான் நெறைய பாத்திருக்கேன்."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு இரண்டு தாளையும் வாங்கினார். முன்பக்கத்தை அதிகம் பார்க்கவில்லை. முதல் தாளைத் திருப்பினார். அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவதைத் திருப்பினார்.

"ரெண்டு கம்பெனில வெட்டக் கூப்பிட்டாக. போகல" என்றார். "தம்பியக் கேட்டேன்னு நெனச்சேன், கேக்கல போல. எழுதுனேன்னு நெனச்சேன், எழுதல போல. இப்பிடி மண்டை கொழம்புனவன் ஒன்பதாயிரம் பீஸு மேல கைய வைக்கலாமா?"

"நீங்க எழுதுனீங்கண்ணே. இவன் கிழிச்சுட்டான்."

"ஆமாங்க மாஸ்டர், நாந்தானுங்க கிழிச்சேன்" என்றான் தரணி.

மூக்கையா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டுலயும் என் எழுத்து இல்லையே தம்பி" என்று சொல்லிவிட்டு, குவியலிலிருந்து அடுத்த பனியனை எடுத்தார்.