பாய்லருக்கு வைத்த பொட்டு

இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க அடுப்பங்கரையில் ஒரு கேஸ் பாய்லர் இருக்கிறது. அதே வீட்டைக் குளிராக்க, பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கொத்தனார் பூச மறந்தது என்று நினைத்து, இங்கிலாந்தில் எங்கள் முதல் குளிர்காலம் தொடங்கியதுமே என் பழைய நைட்டியைச் சுருட்டி அதை அடைத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தாம்பரத்தில் மழைக்காலம் வந்தால் கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரில் அப்பாவின் வேட்டியைத் திணிப்போம். ஓட்டையைக் கண்டால் என் கை துணி தேடும்.

பிறகு தலைவலி வந்தது. குமட்டல், அசதி, காரணமில்லாத அழுகை. புது ஊர், பழகிவிடும் என்றார் டாக்டர். ஊர் ஏக்கம் என்றார்கள் இங்குள்ள தமிழ் நண்பர்கள். கடைவீதிக்குப் போனால் சரியாகிவிடும், வீட்டுக்குள் நுழைந்தால் திரும்பிவிடும். எனக்கு இந்த வீடு ஒத்துவரவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நாளெல்லாம் ஆபீஸில் இருந்த கணவர், சரியாகும்வரை அம்மாவிடம் இருந்துவிட்டு வா என்று டிக்கெட் எடுத்தார். எப்போது சரியாகும் என்று அவரும் சொல்லவில்லை, பயத்தில் நானும் கேட்கவில்லை. அம்மா முன்னறைக்கு வெள்ளையடித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் வீட்டின் சொந்தக்காரர் அனுப்பிய பாய்லர்காரர் வருடாந்தரச் சோதனைக்கு வந்தார். கடைசியாக எப்போது சர்வீஸ் நடந்தது என்று கேட்டார். அக்டோபரில் என்றேன். யார் செய்தது என்றார். நான்தான் என்று பாய்லர் மூடியில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் காட்டினேன். ஆயுத பூஜைக்கு வைத்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, அது கலையாமல் மூடியைக் கழற்றினார்.

உள்ளே பர்னர் மஞ்சளாக எரிந்தது. எனக்கு அது புதிதல்ல. தாம்பரத்தில் அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால், அம்மா சிலிண்டர்காரரைத் திட்டுவாள். "பர்னர்ல அடைப்பு கீதும்மா, கேஸ் இன்னா பண்ணும்?" என்பார் அவர். அம்மா துளைகளை ஊக்கால் குத்திவிடுவாள், அவ்வளவுதான். அங்கே கொல்லைக் கதவு நாளெல்லாம் திறந்தே கிடக்கும்.

இவர் பாய்லரை உடனே நிறுத்தினார், ஜன்னலைத் திறந்தார், நைட்டியை உருவினார். "உங்களுக்குத் தலை வலிக்கிறதா?" என்று கேட்டார். இந்த நாட்டில் யாரும் தானாக என்னை அப்படிக் கேட்டதில்லை. தாம்பரம், அம்மா, டிக்கெட் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஓட்டை பாய்லருக்குக் காற்று வரத்தான் வைத்தது, போதிய காற்றில்லாமல் எரிந்தால் கேஸ் விஷப்புகை விடும், அதற்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும் என்றார். பர்னரில் கரியைத் துடைத்தார். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், அம்மா பார்ப்பது போலவே. மறுபடி பற்றவைத்ததும் பாய்லர் நீலமாக எரிந்தது. புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

சில நாளில் தலைவலி நின்றது. கணவர் டிக்கெட்டை ரத்து செய்தார். அம்மாவுக்கு போன் செய்து, ஏக்கமில்லை, கேஸ்தான் என்றேன்.

"நல்லதா போச்சுடி," என்றாள். பிறகு, "அப்போ நீ வரலையா?" என்றாள்.

ஊருக்குப் போகவேண்டும் போலத்தான் இருந்தது. காரணம் சொல்ல இப்போது ஒரு வியாதியும் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பாய்லருக்கு ஒரு பொட்டும் ஓட்டைக்கு ஒரு பொட்டும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நின்றேன். ஒரு கன்னம் சுட்டது, மறு கன்னம் குளிர்ந்தது.