செல்வின் கழுவிய டேங்க்

டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றியவன் நான்தான். கை தவறி ஊற்றவில்லை. புனல் வைத்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், மிகுந்த அக்கறையோடு ஊற்றினேன்!

சிரிப்பு வருகிறதா? இப்போதே சிரித்துவிடுங்கள். போகப்போகக் கஷ்டம்.

என்னுடையது பழைய பெட்ரோல் பிக்கப். வலியசாலையிலிருந்து கல்யாண வீடுகளுக்கு உருளியும் அண்டாவும் ஏற்றிச் செல்வதுதான் எனக்கும் அந்த வண்டிக்கும் பிழைப்பு. அது குடித்த குடியைப் பார்த்தால், நான் அதற்கு ஓட்டுநரா, ஊற்றிக் கொடுக்கும் பணியாளா என்று எனக்கே சந்தேகம் வரும்.

என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் வைத்துத் தருகிறேன் என்று முன்வந்தவன் செல்வின். பாறசாலைக்காரன். கரமனையில் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை தொடங்கியிருந்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"பாத்துக்கிடும் சாமி! பொன்முடி ஏத்தத்துல உம்ம வண்டி பாட்டுப் பாடிக்கிட்டுல்லா போவும்!"

இங்கே என்னை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பூணூலுக்குக் கிடைக்கிற மரியாதை அது. புத்திக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

என்ஜின் மாற்றுவது செல்வினுக்கு அதுதான் முதல் தடவை. பழவங்காடிப் பக்கம் எங்கள் பிக்கப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது தெரியும். என் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தங்கள் வண்டிகளையும் அவனிடம் விடலாம் என்று மூன்று பேர் காத்திருந்தார்கள். அவன் பட்டறை நிற்பதும் விழுவதும் என் வண்டியின் மூக்குக்குள் இருந்தது.

எங்கோ கவிழ்ந்து நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து டீசல் என்ஜின் வந்து சேர்ந்தது. பாரம் கூடுதல் என்று முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தான். புது என்ஜினும் பழைய கியர் பாக்ஸும் பொருந்தாமல் முறைத்துக்கொண்டு நின்றன. லேத்தில் ஓர் இரும்புத் தகடு கடைந்து நடுவில் வைத்து, இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்தான்.

டேங்கை இறக்கி, மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு கேனில் வடித்துத் தந்தான். "இத உம்ம ஸ்கூட்டருக்கு ஊத்திக்கிடும்" என்றான். பிறகு டேங்குக்குள் சோப்புத் தண்ணீரும் சரளைக் கல்லும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினான். கொட்டிவிட்டு மறுபடியும் கழுவினான்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆமாம்... பார்த்தேன்.

வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்று அவன் சொன்னது என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிளக் இல்லாமல் எப்படித் தீப்பிடிக்கும்?

"காத்த நெருக்குனா சூடாவும். அந்தச் சூட்டுலயே டீசல் பத்திக்கிடும்."

அப்படியானால் பெட்ரோல்? அதே சூட்டில் அதுவும் பற்றிக்கொள்ளாதா? டீசலோடு கொஞ்சம் கலந்தால், பழைய வண்டியின் அந்தத் துள்ளல் திரும்புமா? செல்வினிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் விடை கிடைத்துவிடுமே! எனக்கு வேண்டியிருந்தது விடையா, வேடிக்கையா? இன்றுவரை விளங்கவில்லை.

வித்துராவில் ஒரு கல்யாணம். உருளிகளை ஏற்றிவிட்டு, புறப்படும் முன் கேனையும் புனலையும் எடுத்தேன்.

நெடுமங்காடு தாண்டும்வரை வண்டி பறந்தது. சத்தியமாகப் பறந்தது! விஞ்ஞானத்துக்கு நானும் ஏதோ செய்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். அதற்கப்புறம் ஓர் ஏற்றத்தில், உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு சத்தம். புகை. வண்டி நின்றேவிட்டது. பாயசம் காய்ச்ச வேண்டிய உருளிகள் நடுரோட்டில்!

போன் போட்டதும், ஸ்டாண்டில் என்னைப்போல் பிக்கப் ஓட்டும் பிஜு தன் வண்டியோடு வந்து பாத்திரங்களை மாற்றி ஏற்றினான். பின்னாலேயே பைக்கில் செல்வின். டீசல் குழாயைக் கழற்றி விரலில் தொட்டு முகர்ந்தான்.

"பெட்ரோல் மணக்குதே... சாமி, டீசல் எங்க அடிச்சீரு?"

உண்மையைச் சொல்வதற்கு எல்லா வசதியும் இருந்த நொடி அது. ஆனால் பிஜு நின்றுகொண்டிருந்தான். புனல் கதை ஸ்டாண்டுக்குப் போனால் ஆயுள் முழுக்கச் சிரிப்பார்களே! எல்லோரையும் கேலி செய்கிறவனுக்குத் தன்னைக் கேலி செய்தால் மட்டும் ஏன் பொறுப்பதில்லை?

"பழைய டேங்க் ஆச்சேடா... நீ சரியாக் கழுவலையோ என்னமோ" என்றேன்.

பிஜு ஹோவென்று சிரித்து, டேங்க் கழுவ மறந்துபோச்சா என்று மலையாளத்தில் கேட்டான். "எந்தா செல்வினே, டாங்கு கழுகான் மறந்து போயோ?"

செல்வின் எகிறுவான் என்று எதிர்பார்த்தேன். எகிறவில்லை. "ரெண்டு மட்டம் கழுவுனேனே..." என்றான். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான். "கழுவுனேன்லா?" என்று என்னைக் கேட்டான்.

என்னை! பக்கத்தில் நின்று பார்த்தவனை!

நான் உருளிகளைக் கட்டும் கயிற்றில் மும்முரமாக இருந்தேன்.

கழுவாத டேங்கிலும் அவ்வளவு பெட்ரோல் எப்படித் தங்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஸ்டாண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. டேங்க் கழுவத் தெரியாதவன் என்கிற பேச்சு அவ்வளவு ருசியாக இருந்தது. பெட்ரோலால் பழுதான டீசல் பம்பை செல்வின் தன் செலவிலேயே மாற்றிக் கொடுத்தான். நானும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். காத்திருந்த மூவரும் வேறு பட்டறைக்குப் போனார்கள். தகரக் கொட்டகை கொஞ்ச நாளில் பூட்டிக் கிடந்தது.

எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. தன் கையால் செய்த வேலையைவிட என் வாய்ச்சொல்லை அவன் எப்படி நம்பினான்? அவ்வளவு நீள வாய்க்காரன், தன்மீது அவ்வளவு கொஞ்சமாகவா நம்பிக்கை வைத்திருந்தான்? அல்லது சாமி பொய் சொல்லமாட்டார் என்று...

போன மாதம் ஸ்டாண்டில் ஒருவர் என்ஜின் மாற்ற ஆள் தேடினார். "செல்வின் வேண்டா" என்றான் பிஜு. எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் கைமனத்துக்குப் போனேன். அங்கே வேறொருவர் பட்டறையில் அவன் கூலிக்கு நிற்கிறான். கேன், புனல், கயிறு, எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே வேடிக்கையும் சேர்த்தேன். ஒன்று சிரிப்பான், அல்லது அடிப்பான். எதுவானாலும் எனக்கு லாபம்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவன் இரண்டும் செய்யவில்லை. ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். அவன் சொன்னதை நான் இன்னும் செய்யவில்லை. தினமும் காலையில் பிஜுவின் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறேன், வாயைத் திறக்கிறேன், வேறு ஏதோ ஜோக் வந்து விழுகிறது. உங்களிடம் சொல்வது சுலபம்... நீங்கள் பிக்கப் ஓட்டுவதில்லையே!

அவன் சொன்ன வரி இதுதான்:

"இத ஸ்டாண்டுல போயிச் சொல்லும், சாமி."